வயலினும் வகுப்பறையும்: தென்னக வித்வான்கள் கல்லூரி ஆசிரியரான வரலாறு

தென்னிந்தியாவில் வீணையோ வயலினோ வாசித்துப் பிழைத்தவர்களுக்கு இருபதாம் நூற்றாண்டில் புதிதாக ஒரு வேலை கிடைத்தது. மாலையில் மேடை ஏறியவர்கள் பகலில் மாதச் சம்பளத்துக்கு வகுப்பெடுக்கத் தொடங்கினார்கள். அதற்கு முன்பு இந்தக் கருவிகளைக் கற்க விரும்பியவர் வாத்தியக்காரர் குடும்பத்தில் பிறந்திருக்க வேண்டும், இல்லையென்றால் ஒரு வித்வானின் வீட்டில் போய்த் தங்க வேண்டும். 1919 முதல் 1949 வரையிலான முப்பது ஆண்டுகளில் விஜயநகரம், சிதம்பரம், சென்னை, திருவனந்தபுரம் ஆகிய ஊர்களில் இசைக் கல்லூரிகள் எழுந்தன. அவை குருகுலத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டன என்று சொல்லிவிட முடியாது. ஒரே வித்வான் கல்லூரியில் பத்துப் பேருக்கும், வீட்டில் இரண்டு மூன்று பேருக்கும் சொல்லிக்கொடுத்தார். இந்த இரட்டை ஏற்பாட்டால் அதிகம் பயனடைந்தவர்கள் நரம்புக் கருவிக்காரர்கள், அவர்களிலும் குறிப்பாக வயலின்காரர்கள்.

வயலின் வந்த வழி

வீணை தென்னாட்டுக்குப் பழையது. வயலின் ஐரோப்பியர்களோடு வந்தது. கர்நாடக இசைக்கு அதைக் கொண்டுவந்தவர்களில் முதன்மையாகச் சொல்லப்படுபவர் முத்துசுவாமி தீட்சிதரின் இளைய தம்பி பாலுசுவாமி தீட்சிதர் (1786–1858). சென்னையை அடுத்த மணலியில் குடும்பம் இருந்தபோது, சின்னையா முதலியாரின் ஆதரவில் ஓர் ஐரோப்பிய வாத்தியக்காரரிடம் அவர் வயலின் கற்றார். பின்னர் எட்டயபுரம் சமஸ்தானத்து வித்வான் ஆனார். சம்பளத்துக்கு அமர்த்தப்பட்ட ஓர் ஆசிரியரிடம்தான் கர்நாடக வயலினின் முதல் பாடம் நடந்தது. தஞ்சை நால்வரில் இளையவரான வடிவேலு (1810–1845) திருவனந்தபுரத்தில் சுவாதித் திருநாளின் சபையில் வயலினைக் கச்சேரிக்கு ஏற்ற கருவியாக நிலைநாட்டினார். 1834இல் மன்னர் அவருக்குத் தந்தத்தாலான வயலின் ஒன்றைப் பரிசளித்தார்.

ஐரோப்பியர் நின்றுகொண்டு தாடைக்கும் தோளுக்கும் இடையில் வயலினைப் பிடிப்பார்கள். தென்னாட்டில் சம்மணமிட்டு உட்கார்ந்து, கருவியின் தலைப்பகுதியை வலது பாதத்தின் மேலும் அடிப்பகுதியை இடது மார்பின் மேலும் சாய்த்துக்கொண்டார்கள். கருவியைத் தாங்கும் வேலை இல்லாததால் இடது கை தந்தியின் நீளம் முழுவதும் தாராளமாக வழுக்கிப் போய்வர முடிந்தது. கமகம் இல்லாத கர்நாடக இசை கிடையாது. கமகத்துக்கு இந்த வழுக்கல்தான் ஆதாரம். நான்கு தந்திகளுக்கும் மந்தர சட்ஜம், மந்தர பஞ்சமம், மத்திய சட்ஜம், மத்திய பஞ்சமம் என்று சுருதி சேர்த்தார்கள். பாடுகிறவரின் சுருதி எதுவானாலும் பிருடையைத் திருகி அதற்குக் கொண்டுவந்துவிடலாம். குரலைப் போலவே நாதத்தை நீட்டிக்கொண்டே போகக்கூடிய இந்தக் கருவி பாட்டுக் கச்சேரியின் நிரந்தரப் பக்கவாத்தியம் ஆனது.

19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் திருக்கோடிகாவல் கிருஷ்ணய்யர் (1857–1913), அடுத்த தலைமுறையில் மலைக்கோட்டை கோவிந்தசாமிப் பிள்ளை (1879–1931) போன்றோர் வயலினுக்குத் தனி மதிப்பைத் தேடித்தந்தார்கள். ஆனாலும் தொழிலில் ஒரு குறை நீடித்தது. கச்சேரிக்கு ஒப்பந்தம் பேசுபவர் முதலில் பாடகரையே பேசினார். பக்கவாத்தியத்துக்குக் கிடைத்த தொகை அதில் சிறு பங்கு. சபைகள் கூடாத மாதங்களில் அதுவும் வராது. சமஸ்தானங்களின் ஆதரவு சுருங்கிய காலத்தில் வயலின்காரருக்கு நிலையான வருமானம் ஒன்று தேவைப்பட்டது. கல்லூரி வந்தபோது அவர்கள் விரும்பி அங்கே போனதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

குருகுலமும் அச்சுப் புத்தகமும்

குருகுலத்தில் பாடத்துக்கென்று நேரம் ஒதுக்கப்படவில்லை. விடியற்காலையில் எழுந்து சாதகம் செய்வது, வீட்டு வேலைக்கு ஒத்தாசை, வாத்தியாருடன் கச்சேரிக்குப் போய்த் தம்புரா போடுவது, இவற்றுக்கு நடுவில் கேள்வியால் பாடாந்தரம் ஏறும். காரைக்குடி சாம்பசிவ ஐயரிடம் (1888–1958) சிறுமியாகப் போய்ச் சேர்ந்து அவர் வீட்டிலேயே வளர்ந்த ரங்கநாயகி ராஜகோபாலன், இந்த முறையில் உருவான கடைசித் தலைமுறை வைணிகர்களில் ஒருவர். கண்டிப்புக்குப் பெயர்போன வாத்தியாரிடம் பல மணி நேரச் சாதகம் செய்ததைப் பிற்காலத்தில் அவர் பேட்டிகளில் விவரித்திருக்கிறார்.

இந்த முறை ஆழமானது. ஆனால் ஒரு வித்வானால் சிலரைத்தான் ஏற்க முடியும். யாரை ஏற்பது என்பதில் சாதி, உறவு, சிபாரிசு எல்லாம் நுழைந்தன. பிறர் வீட்டில் தங்க முடியாத பெண்களுக்கு வாசல் பெரும்பாலும் மூடியே இருந்தது.

இதற்கு மாற்றாக முதலில் வந்தவை அச்சுப் புத்தகங்கள். சென்னையில் வயலின் வித்வானும் ஆசிரியருமாக இருந்த தச்சூர் சிங்கராசாரியார் (1834–1892) தம்முடைய தம்பியோடு சேர்ந்து, ஆரம்ப வரிசைகளில் தொடங்கிக் கீர்த்தனைகள் வரை படிப்படியாகப் போகும் ஸ்வரக் குறிப்புப் புத்தகங்களைத் தெலுங்கில் வெளியிட்டார். பாலுசுவாமி தீட்சிதரின் சுவீகாரப் புதல்வரான சுப்பராம தீட்சிதர் 1904இல் எட்டயபுரத்திலிருந்து ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யைப் பதிப்பித்தார். கமகங்களுக்குத் தனிக் குறியீடுகள் தந்த பெருநூல் அது. வகுப்பறை என்ற ஒன்று வருவதற்கு முன்பே, வகுப்பறைக்குத் தேவையான பாட வரிசையும் எழுத்துமுறையும் தயாராகிவிட்டன. வடக்கே 1901இல் விஷ்ணு திகம்பர் பலுஸ்கர் லாகூரில் கந்தர்வ மகாவித்யாலயத்தைத் தொடங்கினார். பொதுமக்கள் பணத்தில் இசைப் பள்ளி ஒன்றை நடத்த முடியும் என்பதை அது காட்டியது.

விஜயநகரம், 1919

விசாகப்பட்டினத்துக்கு வடக்கே உள்ள விஜயநகரம் ஜமீனின் அரசர் விஜயராம கஜபதி ராஜு 1919இல் அங்கே ஓர் இசைக் கல்லூரியைத் தொடங்கினார். ஹரிகதையில் பெரும் புகழ்பெற்ற ஆதிபட்ல நாராயண தாஸ் அதன் முதல் முதல்வர். அங்கே மாணவராகச் சேரலாம் என்று வந்தவர் துவாரம் வெங்கடசுவாமி நாயுடு (1893–1964). பெங்களூரில் பிறந்து, விசாகப்பட்டினம் பகுதியில் வளர்ந்தவர். ரயில்வேயில் வேலை பார்த்த அண்ணனிடம் வயலின் கற்றவர். கண்பார்வைக் குறைவால் பள்ளிப் படிப்பைத் தொடர முடியாதவர். அவருடைய வாசிப்பைக் கேட்ட நாராயண தாஸ், அவரை மாணவராகச் சேர்த்துக்கொள்ளாமல் வயலின் ஆசிரியராகவே அமர்த்தினார். அப்போது துவாரத்துக்கு 26 வயது. 1936இல் அவரே கல்லூரி முதல்வரானார்.

துவாரம் வில்லை அடியிலிருந்து நுனிவரை முழுமையாக இழுத்து வாசித்தார். மேற்கத்திய வயலின்காரர்களின் வாசிப்பைக் கூர்ந்து கேட்டு, நாதத்தின் தெளிவுக்கும் அழுத்த வேறுபாட்டுக்கும் அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டார். பாட்டுக்குப் பின்னால் போவது மட்டுமே வயலினின் வேலை என்ற எண்ணத்தை அவர் ஏற்கவில்லை. 1938இல் வேலூரில் வயலின் தனிக் கச்சேரி செய்தார். 1941இல் மதராஸ் மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி விருது பெற்றார். கச்சேரி மேடையின் உச்சத்தில் இருந்த காலத்திலும் அவர் கல்லூரியில் பாடம் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். துவாரம் குடும்பத்தாரும் சீடர்களும் அந்தக் கல்லூரியோடு தலைமுறைகளாகத் தொடர்பு வைத்திருந்தார்கள். ஒரு வாசிப்புப் பாணி ஓர் ஊர்க் கல்லூரியின் பெயரோடு சேர்ந்து அடையாளம் பெற்றதற்கு இது முதல் உதாரணம். பின்னாளில் திரையிசையில் கொடிகட்டிப் பறந்த கண்டசாலா இக்கல்லூரியில்தான் பாட்டுக் கற்றார்.

சிதம்பரமும் சென்னையும்

தமிழ்நாட்டில் முதல் பெரிய முயற்சி சிதம்பரத்தில் நடந்தது. ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1929இல் அங்கே இசைக் கல்லூரியைத் தொடங்கினார். அது அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பகுதியானது. மகா வைத்தியநாதையரின் சீடரான சபேசய்யர் முதல்வராக இருந்தார். தஞ்சை நால்வர் மரபில் வந்த பொன்னையா பிள்ளை அங்கே கற்பித்தார். பின்னர் டைகர் வரதாச்சாரியாரும் தண்டபாணி தேசிகரும் அங்கே பணியாற்றினார்கள். அங்கே படிப்பை முடித்தவர்கள் ‘சங்கீத பூஷணம்’ என்ற பட்டம் பெற்றார்கள். அந்தப் பட்டத்தைப் பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்ளும் வழக்கம் தமிழ்நாட்டிலும் யாழ்ப்பாணத்திலும் பல்லாண்டுக் காலம் இருந்தது. 1940களில் தமிழிசை இயக்கம் வலுப்பெற்றபோது, தமிழ்ப் பாடல்களைப் பாடத்திட்டத்தில் சேர்ப்பதற்குக் களமாக இருந்ததும் இந்தக் கல்லூரிதான்.

சென்னையில் 1927 காங்கிரஸ் மாநாட்டோடு நடந்த இசை மாநாட்டின் விளைவாக 1928இல் மியூசிக் அகாதெமி உருவானது. 1931இல் அது இசை ஆசிரியர்களுக்கான கல்லூரியைத் தொடங்கியது. நன்றாக வாசிக்கத் தெரிந்தவர் நன்றாகச் சொல்லிக்கொடுக்கவும் தெரிந்தவராக இருப்பார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை, கற்பிப்பதற்கும் பயிற்சி வேண்டும் என்ற எண்ணம் அதன் அடிப்படை. 1932இல் மதராஸ் பல்கலைக்கழகம் இசையில் டிப்ளமா படிப்பைத் தொடங்கியது. அதற்குப் பின்னணியில் உழைத்தவர் பி. சாம்பமூர்த்தி (1901–1973). அவருடைய ‘தென்னிந்திய இசை’ ஆங்கில நூல் வரிசை பல தலைமுறை மாணவர்களுக்குப் பாடப் புத்தகமாக இருந்தது. ராணி மேரி கல்லூரியிலும் இசை ஒரு பாடமானபோது, வீட்டைவிட்டு வெளியே தங்காமலே இசை படிக்கும் வழி பெண்களுக்குத் திறந்தது. இன்று இசை வகுப்புகளில் பெண்கள் பெரும் எண்ணிக்கையில் இருப்பதற்கு ஆரம்பம் இந்தக் காலகட்டம்தான்.

வகுப்பில் நடந்தது

வயலின் வகுப்பு வெறும் தந்தியில் தொடங்கும். விரலே வைக்காமல், நான்கு தந்திகளிலும் வில்லை நேராக இழுக்கப் பழகுவதற்கே பல வாரங்கள் போகும். வில் குதிரைக்கு மிக அருகில் போனால் சத்தம் கீச்சிடும். விரற்பலகைப் பக்கம் விலகினால் நாதம் மெலியும். இடையில் உள்ள அந்தச் சிறு இடைவெளியில் வில் நிற்க வேண்டும். அடுத்து மாயாமாளவகௌளையில் சரளி வரிசை, ஜண்டை வரிசை, தாட்டு வரிசை, அலங்காரம். பிறகு கீதம், ஸ்வரஜதி, வர்ணம். அதன் பின் கீர்த்தனை. புரந்தரதாசர் வகுத்தது என்று மரபு சொல்லும் இந்த ஆரம்பப் பாட வரிசையைக் கல்லூரிகள் அப்படியே ஆண்டுவாரியாகப் பிரித்துக்கொண்டன. முதல் ஆண்டில் எத்தனை கீதம், இரண்டாம் ஆண்டில் எத்தனை வர்ணம் என்று கணக்கு வந்தது.

வீணையில் மெட்டு உண்டு, வயலினில் இல்லை. விரல் ஒரு நூல் அளவு நகர்ந்தாலும் சுருதி விலகிவிடும். ஆகவே வயலின் ஆசிரியர் பெரும்பாலும் வாசித்துக்காட்டுவதற்கு முன் பாடிக்காட்டினார். காதில் ஸ்வரம் சரியாக விழுந்தால்தான் விரல் அந்த இடத்தைத் தேடிப் போகும். சாகித்தியம் தெரியாமல் வயலின் வாசிக்கக் கூடாது என்பதும் அவர்களுடைய பாடம். சொல் எங்கே பிரிகிறதோ அங்கேதான் வில் திரும்ப வேண்டும். சொல்லின் நடுவில் வில்லை மாற்றினால் பாட்டு உடைந்துவிடும். அதனால் வயலின் மாணவர்களும் வாய்ப்பாட்டைக் கூடவே படித்தார்கள்.

கல்லூரி வகுப்பு சில பழக்கங்களை மாற்றியது. குருகுலத்தில் ஒரு கீர்த்தனை முழுமையாகப் படியும்வரை அடுத்தது கிடையாது. கல்லூரியில் தேர்வுத் தேதி முன்னால் நின்றது. ஸ்வரம் எழுதிய நோட்டுப் புத்தகம் காதின் வேலையைக் கொஞ்சம் பிடுங்கிக்கொண்டது. ஐந்தாறு வயலின்கள் ஒன்றாக ஒலிக்கும் அறையில் யாருடைய விரல் தவறியது என்று கண்டுபிடிப்பது ஆசிரியருக்குக் கடினம். மறுபக்கம், இசைக் கோட்பாடும் வரலாறும் எல்லோருக்கும் சேர்ந்தன. 72 மேளகர்த்தா, தாள வகைகள், வாக்கேயகாரர் வரலாறு ஆகியவை கேள்விஞானத்தின் ஓரத்திலிருந்து பாடத்திட்டத்தின் நடுவுக்கு வந்தன. ஒரே வாத்தியாரின் பாணி மட்டும் படிந்த நிலை போய், ஒரு மாணவர் இரண்டு மூன்று பாணிகளைக் கேட்டு ஒப்பிட முடிந்தது.

வீணை ஆசிரியர்கள்

வீணைக்கும் கல்லூரிகள் புகலிடம் ஆயின. ஒலிபெருக்கி வந்து அரங்குகள் பெரிதானபோது மென்மையான நாதம் கொண்ட வீணைக்கு மேடையில் இடம் குறைந்தது; வகுப்பறையில் அதன் மதிப்பு குறையவில்லை. பாலக்காட்டுப் பகுதியைச் சேர்ந்த கே.எஸ். நாராயணசுவாமி (1914–1999) அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் சபேசய்யர், பொன்னையா பிள்ளை, வீணை தேசமங்கலம் சுப்பிரமணிய ஐயர் ஆகியோரிடம் கற்று, அங்கேயே விரிவுரையாளர் ஆனார். கல்லூரியில் படித்துக் கல்லூரியிலேயே கற்பித்த முதல் தலைமுறை வித்வான்களில் அவர் ஒருவர். திருவனந்தபுரத்தில் 1939இல் முத்தையா பாகவதரை முதல்வராகக் கொண்டு தொடங்கிய சுவாதித் திருநாள் இசைக் கல்லூரிக்குப் பின்னர் போய், பேராசிரியராகவும் முதல்வராகவும் இருந்தார். ஓய்வுக்குப் பின் பம்பாய் சண்முகானந்தா சபையின் இசைப் பள்ளியில் சொல்லிக்கொடுத்தார். 1979இல் சங்கீத கலாநிதி ஆனார்.

வித்வான்களைக் கொண்டு கற்பிப்பதற்குச் சென்னை கலாக்ஷேத்ரா வேறு வழி கண்டது. 1936இல் ருக்மிணி தேவி தொடங்கிய அந்த நிறுவனம், முதிய வித்வான்களை வளாகத்துக்குள் அழைத்து, குருகுலத்தையே நிறுவனத்துக்குள் கொண்டுவர முயன்றது. டைகர் வரதாச்சாரியார், மைசூர் வாசுதேவாச்சாரியார், கோட்டுவாத்தியக் கலைஞர் பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகள் ஆகியோர் அங்கே பணியாற்றினார்கள். காரைக்குடி சகோதரர்களில் மூத்தவரான சுப்பராம ஐயர் வீணையை நிமிர்த்திப் பிடித்தும், இளையவரான சாம்பசிவ ஐயர் கிடத்தி வைத்தும் இணைந்து வாசித்தவர்கள். அண்ணன் மறைந்த பின் சாம்பசிவ ஐயர் தம் இறுதிக் காலத்தில் கலாக்ஷேத்ராவில் வீணை கற்பித்தார். அவர் குடும்பத்தைச் சேர்ந்த சீடரான ராஜேஸ்வரி பத்மநாபன் (1939–2008) அதே வளாகத்தில் அந்தப் பாணியைத் தொடர்ந்து சொல்லிக்கொடுத்தார்.

வீணை வகுப்புக்கு நிறுவனம் இன்னொரு வகையிலும் தேவைப்பட்டது. பலா மரத்தில் செய்யும் தஞ்சாவூர் வீணை விலை கூடியது. தூக்கிக்கொண்டு அலைய முடியாதது. அதன் 24 மெட்டுகளும் மெழுகுப் பலகையில் பதிந்தவை. வெயிலில் மெழுகு இளகினால் ஸ்வரஸ்தானம் விலகும். அப்போது மேளம் கட்டுபவரை அழைத்து மெட்டுகளைத் திரும்பப் பதிக்க வேண்டும். சொந்தமாக வீணை வாங்க முடியாத மாணவர் கல்லூரி வீணையில் பழகினார்.

அடையாற்றங்கரைக் கல்லூரி

சுதந்திரத்துக்குப் பின் 1949இல் சென்னையில் அரசின் மத்திய கர்நாடக இசைக் கல்லூரி தொடங்கியது. முசிறி சுப்பிரமணிய ஐயர் முதல் முதல்வர். பின்னர் அடையாற்றங்கரையில் உள்ள பிராடி காசில் என்ற பழைய பங்களாவுக்கு அது இடம் மாறியது. இன்றைய தமிழ்நாடு அரசு இசைக் கல்லூரி அதுதான். வீணை தனம்மாளின் பேத்தி டி. பிருந்தா, புல்லாங்குழல் திருப்பாம்புரம் சுவாமிநாத பிள்ளை, வீணை கல்பகம் சுவாமிநாதன் ஆகியோர் அங்கே கற்பித்தார்கள். வயலினுக்கு வந்தவர்களில் பெரிய பெயர் டி.என். கிருஷ்ணன் (1928–2020). திருப்பூணித்துறையில் பிறந்து, தந்தை நாராயண ஐயரிடம் வயலின் கற்றுச் சிறுவயதிலேயே மேடை ஏறியவர். அரியக்குடி, செம்மங்குடி முதலிய முன்னணிப் பாடகர்கள் எல்லோருக்கும் வாசித்த அவர், இக்கல்லூரியில் பேராசிரியராகவும் பின்பு முதல்வராகவும் இருந்தார். அதன் பிறகு தில்லிப் பல்கலைக்கழகத்தின் இசை, நுண்கலைப் புலத்துக்குத் தலைமை ஏற்றார். அவருடைய தங்கை என். ராஜம் இந்துஸ்தானி வயலினுக்கு மாறி, பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கற்பித்துப் புல முதன்மையராக உயர்ந்தார். ஒரே வீட்டில் தந்தையிடம் வயலின் கற்ற அண்ணனும் தங்கையும் இரண்டு பெரிய பல்கலைக்கழகங்களில் இரண்டு மரபுகளைக் கற்பித்தார்கள்.

இப்படிப்பட்டவர்கள் ஆசிரியராக இருப்பதில் சங்கடமும் உண்டு. மார்கழியில் கச்சேரிகள் குவியும்போது வகுப்பு தடைப்படும். வெளியூர்க் கச்சேரிக்கு விடுப்பு எடுக்க வேண்டியிருந்தது. வருகைப் பதிவேட்டை மட்டும் பார்க்கும் நிர்வாகத்துக்கு இது எரிச்சல். ஆனால் முந்தின நாள் மேடையில் நடந்ததை மறுநாள் வகுப்பில் பிரித்துக் காட்ட மேடையேறும் ஆசிரியரால்தான் முடியும். பாடகர் எதிர்பாராத இடத்தில் நிரவலைத் தொடங்கினால் பக்கவாத்தியம் எப்படிச் சுதாரிப்பது, ஆலாபனையில் பாடகர் விட்ட இடத்தில் எவ்வளவு நேரம் வாசித்து நிறுத்துவது, கல்பனாஸ்வரக் கணக்கைப் பாதியிலேயே எப்படி ஊகிப்பது என்பவற்றைப் பாடத்திட்டத்தில் எழுத முடியாது. கல்லூரியில் சிறப்பாகத் தேறிய மாணவர்கள் அதே ஆசிரியரின் வீட்டுக்கும் போய்க் கற்றதும், அவர் கச்சேரிகளில் பின்னால் உட்கார்ந்து கேட்டதும் இதற்காகத்தான்.

யாழ்ப்பாணம்

ஈழத்தில் இந்த வரலாறு வேறு பாதையில் போனது. 1931இல் தொடங்கிய வட இலங்கைச் சங்கீத சபை தரவாரியான தேர்வுகளை நடத்தி, ஊர் ஊராக இசை வகுப்புகளுக்குப் பொது அளவுகோல் தந்தது. சிதம்பரம் போய்ச் சங்கீத பூஷணம் ஆகித் திரும்பியவர்கள் பள்ளிகளில் இசை ஆசிரியர் ஆனார்கள். தமிழ்நாட்டு வித்வான்களும் அங்கே போய்க் கற்பித்தார்கள். யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய வயலின் வித்வான் வி. லட்சுமிநாராயண ஐயரின் குடும்பம் 1958 இனக்கலவரத்தை அடுத்துச் சென்னைக்கு வந்தது. அவருடைய மகன்கள் எல். வைத்தியநாதன், எல். சுப்பிரமணியம், எல். சங்கர் மூவரும் வயலினில் பெயர்பெற்றார்கள். 1960இல் மருதனார்மடத்தில் சேர் பொன். இராமநாதன் நினைவாக இராமநாதன் நுண்கலைக்கழகம் தொடங்கியது. மகாராஜபுரம் சந்தானம் சில ஆண்டுகள் அதன் முதல்வராக இருந்தார். 1970களில் அது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. போர்க்காலத்தில் புலம்பெயர்ந்த ஆசிரியர்கள் கனடா, ஐரோப்பா, ஆஸ்திரேலியா ஆகிய இடங்களில் நடத்தும் வார இறுதி வயலின், வீணை வகுப்புகள் இந்தத் தேர்வு மரபின் நீட்சி.

மாவட்டப் பள்ளிகள் வரை

தமிழ்நாட்டில் அரசு இசைக் கல்லூரிகள் சென்னைக்கு வெளியே மதுரை, கோவை, திருவையாறு ஆகிய ஊர்களிலும் உருவாயின. அவற்றுக்குக் கீழே மாவட்ட அரசு இசைப் பள்ளிகள் வந்தன. குரலிசை, நாதஸ்வரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் ஆகிய பாடங்களில் அங்கே மூன்றாண்டுப் பயிற்சி தரப்படுகிறது. 12 முதல் 25 வயது வரை உள்ளவர்கள் சேரலாம். கட்டணம் மிகக் குறைவு. குடும்பத்தில் முன்பு யாரும் வயலினைத் தொட்டிராத பிள்ளைகள் அதைக் கையில் எடுக்கும் இடங்களில் இவை முக்கியமானவை. 2013இல் இசைக்கும் கவின்கலைகளுக்குமான தனிப் பல்கலைக்கழகம் ஏற்பட்டு, இசைப் பட்டங்கள் அதன் கீழ் வந்தன.

நூற்றாண்டுக் கணக்கைப் பார்த்தால், இசைக் கல்லூரிகளில் படித்தவர்களில் முன்னணி மேடைக் கலைஞர் ஆனவர்கள் சிலரே. அவர்களிலும் பலர் வீட்டில் இன்னொரு குருவிடம் கற்றவர்கள். பெரும்பாலோர் பள்ளி இசை ஆசிரியராகவும், வானொலிக் கலைஞராகவும், பரதநாட்டியக் குழுவிலும் திரையிசைக் குழுவிலும் வாசிப்பவராகவும், வீட்டு வகுப்பு நடத்துபவராகவும் ஆனார்கள். கர்நாடக இசைக்குப் பயிற்சி பெற்ற ரசிகர்களையும், சிற்றூர்கள்வரை ஆரம்ப ஆசிரியர்களையும் தந்தவர்கள் இவர்கள்தான். வயலின்காரருக்கும் வைணிகருக்கும் கல்லூரி தந்தது மாதச் சம்பளம், ஓய்வூதியம், பேராசிரியர் என்ற மதிப்பு. அதற்குப் பதிலாக அவர்கள் தந்தது, முன்பு சில வீடுகளுக்குள் மட்டும் இருந்த விரல் பழக்கத்தையும் வில் பழக்கத்தையும் விண்ணப்பம் போட்டுச் சேர்கிற எவருக்கும் கிடைக்கும்படி செய்தது.